மின்வில்லை அளந்த பெண்மணி

வோல்ற்று, அம்பியர், ஓம், உவாற்று, யூல். சாதாரண தர விஞ்ஞானத்தில் மின்னியல் அலகுக்கு வந்ததும் நாம் மனனம் செய்த இந்த ஐந்து சொற்களும் ஐந்து மனிதர்களின் பெயர்கள். ஓர் இத்தாலியர், ஒரு பிரெஞ்சுக்காரர், ஒரு யேர்மானியர், ஒரு ஸ்கொட்லாந்துக்காரர், ஓர் ஆங்கிலேயர். ஐவரும் ஆண்கள். விஞ்ஞானத்தில் பெண் ஒருவரின் பெயர் சொல்லச் சொன்னால் வகுப்பு முழுவதும் மேரி கியூரி என்று சொல்லும். இரண்டாவது பெயர் கேட்டால் அமைதியாகிவிடும். நூற்றாண்டு மலரில் அந்த இரண்டாவது பெயர் ஒன்றையாவது பதிந்துவைக்க வேண்டும் என்று, இந்தப் பாடசாலையில் விஞ்ஞானம் படித்துப் பின்பு வெவ்வேறு இடங்களில் விஞ்ஞானம் கற்பித்த நாங்கள் சிலர் தீர்மானித்தோம். அவர் மேரி கியூரியின் நெருங்கிய தோழி. பெயர் ஹேர்தா எயர்ட்டன். 1923ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆம் திகதி இங்கிலாந்தில் மறைந்தார். எங்கள் பாடசாலையின் நூறாண்டுக் கதை தொடங்கிய காலத்தை ஒட்டியே அவருடைய கதை முடிகிறது.

அவர் வாழ்நாளில் செய்த பெரிய வேலை, நமக்குத் தெரிந்த ஒரு கணக்கோடு தொடர்புடையது. ஒரு கடத்தியின் இரு முனைகளுக்கும் இடையிலான வோல்ற்றளவை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை வரும். இரண்டையும் பெருக்கினால் வலு வரும். தொண்ணூறுகளில் மாங்குளத்தில் படித்தவர்களுக்கு இது வெறும் பரீட்சைக் கணக்கு அல்ல. வன்னியில் அப்போது மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். செய்தி கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு மின்னைக் கொடுக்க வேண்டும். சைக்கிள் டைனமோவில் 6 வோல்ற்று, 3 உவாற்று என்று எழுதியிருக்கும். அப்படியானால் மின்னோட்டம் அரை அம்பியர். அதனோடு வரும் விளக்கின் தடை 12 ஓம். அண்ணன்மார் கை ஓயும்வரை சுற்றிப் பெற்ற வலு அந்த மூன்று உவாற்றுத்தான். ஒரு மின்குமிழ் எரியாத ஊரில் இருந்துகொண்டு, 60 உவாற்று மின்குமிழின் தடை என்ன என்ற வினாவுக்கு ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் விடை எழுதிய தலைமுறை எங்களுடையது.

அந்தக் கணக்கில் சொல்லாமல் விடப்படும் ஒரு விடயம் உண்டு. ஆய்வுகூடத்தில் நைக்குரோம் கம்பியை இணைத்து, வோல்ற்றுமானியையும் அம்பியர்மானியையும் வாசித்து வரைபு கீறினால் நேர்கோடு வரும். எந்த இடத்தில் வகுத்தாலும் ஒரே தடை. ஆனால் எல்லாப் பொருளும் கம்பியைப் போல ஒழுங்காக நடப்பதில்லை. ரோச் மின்குமிழில் மின்னோட்டம் கூடக்கூட இழை சூடேறித் தடை கூடுகிறது. மின்வில்லில் அது தலைகீழ். மின்னோட்டம் கூடினால் தடை குறைகிறது. அதுவும் வோல்ற்றளவே இறங்கிப்போகும் அளவுக்குக் குறைகிறது. கணக்குக்கு அடங்க மறுத்த இந்த மின்வில்லைத்தான் ஹேர்தா ஏறத்தாழப் பத்தாண்டுகள் அளந்தார்.

மின்வில் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் நம்மில் இல்லை. ஏ9 வீதியில் மாங்குளம் சந்திப் பக்கம் கேற்றோ உழவு இயந்திரப் பெட்டியோ ஒட்டும் கடைகளில் கண்ணைப் பறிக்கும் அந்த நீல வெளிச்சம் மின்வில்தான். வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்று சொல்லச் சொல்லப் பிள்ளைகள் பார்ப்பார்கள். அவருடைய காலத்தில் அது ஒட்டு வேலையைவிட வெளிச்சத்துக்கே அதிகம் பயன்பட்டது. இரண்டு கரிக்கோல்களை முட்டவைத்து மெல்லப் பிரித்தால் இடைவெளியில் மின்வில் தோன்றும், கோல்களின் நுனி வெண்சூடாகி ஒளிரும். பெருநகர வீதிகள், கலங்கரை விளக்குகள், போர்க்கப்பல்களின் தேடொளி விளக்குகள் எல்லாம் அந்த ஒளியில் இயங்கின. பின்னாளில் நம் நாட்டுத் தியேட்டர்களில் படம் காட்டிய இயந்திரங்களிலும் எரிந்தது இந்தக் கரிக்கோல்தான்.

இனி அவருடைய வாழ்க்கைக்கு வருவோம்.

பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் ஃபீபி சாரா மார்க்ஸ். 1854ஆம் ஆண்டு ஏப்பிரல் 28இல் இங்கிலாந்தின் தென்கரைத் துறைமுகப் பட்டினமான போர்ட்சியில் பிறந்தார். தந்தை போலந்திலிருந்து வந்த யூதர். மணிக்கூடு செய்பவர். 1861இல் கடனை விட்டுவிட்டு இறந்துபோனார். தாயின் கையில் ஏழு பிள்ளைகள், வயிற்றில் எட்டாவது. அவர் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். மூத்த பெண்பிள்ளை தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்தாள். கணவன் இல்லாத வீட்டில் தையல் மெசினின் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினால் முடிவிராது. ஆகவே இந்த இடத்தை எங்களால் சும்மா வாசித்துக் கடக்க முடியவில்லை.

அவருக்கு ஒன்பது வயதானபோது, இலண்டனில் பாடசாலை நடத்திய தாயின் சகோதரி தன் பிள்ளைகளோடு படிக்க அனுப்பும்படி கேட்டார். வீட்டில் உதவிக்கு இருந்த ஒரே பெண்பிள்ளையை அனுப்புவது தாய்க்குச் சுலபமாக இருந்திருக்காது. ஆனால் உலகத்தில் பெண்ணுக்கு ஆணைவிடக் கூடுதல் போராட்டம் இருப்பதால் படிப்பும் கூடுதலாக வேண்டும் என்பது அந்தத் தையற்காரத் தாயின் எண்ணம். அனுப்பினார். நாங்கள் அறிந்தவரையில் ஹேர்தாவின் வரலாற்றில் மிகப் பெரிய முடிவு இதுதான், அதை எடுத்தவர் அவரல்ல.

பதினாறு வயதில் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் வேலைக்குப் போய்த் தாய்க்குப் பணம் அனுப்பினார். அந்தக் காலத்தில்தான் பெயரும் மாறியது. ஸ்வின்பேர்ண் என்ற கவிஞரின் கவிதை ஒன்றில் வரும் பூமித் தாயின் பெயரான ஹேர்தாவைத் தோழி ஒருவர் அவருக்குச் சூட்ட, அதுவே நிலைத்தது. கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென்று கேர்ட்டன் கல்லூரியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பார்பரா போடிஷொன் அம்மையார் இவருடைய திறமையைக் கண்டு கைகொடுத்தார். நாவலாசிரியை ஜோர்ஜ் எலியட்டும் உதவியவர்களில் ஒருவர். கேர்ட்டனில் கணிதம் படித்தார். அங்கே பாடற்குழுவை நடத்தினார், தீயணைப்புக் குழு ஒன்றை அமைத்தார், நாடித்துடிப்பைப் பதியும் கருவி ஒன்றையும் செய்தார். கேம்பிரிட்ஜின் கணிதப் பரீட்சையில் சித்தியடைந்தும் பட்டம் கிடைக்கவில்லை. பெண்களுக்குச் சான்றிதழ் மட்டுமே கொடுப்பது அன்றைய வழக்கம். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது 1948இல். நமது நாட்டில் 1942இலேயே தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் ஆண்களோடு சமமாகப் பட்டம் பெற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதை இந்த இடத்தில் சொல்லிக்கொள்வதில் தவறில்லை.

1884இல் ஒரு கோட்டை வேண்டிய சம பகுதிகளாகப் பிரிக்கும் வரைதற் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். மொத்தமாக 26 காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன. அதே ஆண்டு இலண்டன் பின்ஸ்பெரி தொழினுட்பக் கல்லூரியில் மாலை வகுப்புக்குச் சேர்ந்து மின்னியல் படித்தார். படிப்பித்தவர் பேராசிரியர் வில்லியம் எயர்ட்டன். மனைவியை இழந்தவர், ஒரு பெண் குழந்தையின் தந்தை. அடுத்த ஆண்டு இருவரும் மணந்துகொண்டார்கள். 1886இல் மகள் பிறந்தாள். உதவிய அம்மையாரின் நினைவாகப் பார்பரா என்று பெயர் வைத்தார்கள். அதன்பிறகு சில ஆண்டுகள் ஆய்வு ஏதும் பெரிதாக நடக்கவில்லை. கலியாணமும் குழந்தையும் வந்த பிறகு கொப்பியை மூடிவைத்த எங்கள் வகுப்புத் தோழிகளைப் போலத்தான். 1891இல் போடிஷொன் அம்மையார் இறந்தபோது இவருக்கென்று பணம் எழுதிவைத்திருந்தார். அந்தப் பணத்தில் வீட்டு வேலைக்கு ஆள் வைக்க முடிந்ததால்தான் ஆய்வுகூடத்துக்குத் திரும்ப முடிந்தது. பழைய மாணவிகள் சங்கங்கள் புலமைப்பரிசில் பற்றிப் பேசும்போது கட்டணத்தையும் புத்தகத்தையும்தான் கணக்கில் எடுப்பது வழக்கம். ஒரு பெண்ணுக்கு நேரத்தை வாங்கிக் கொடுப்பதும் புலமைப்பரிசில்தான்.

மின்வில் ஆய்வை முதலில் தொடங்கியவர் கணவர். 1893இல் அவர் சிக்காகோ மாநாட்டுக்குப் போயிருந்த காலத்தில் ஆய்வை முன்னெடுத்தவர் ஹேர்தா. கணவர் எழுதியிருந்த கட்டுரையின் கைப்பிரதியை வேலைக்காரப் பெண் அடுப்பு மூட்ட எடுத்துவிட்டாள் என்றும், அதன்பிறகு முழு ஆய்வையும் ஹேர்தா முதலிலிருந்து தாமே செய்தார் என்றும் சொல்வார்கள்.

அவருக்கு முன் மின்வில்லை அளந்தவர்கள் பலர். ஒருவருடைய எண்ணோடு மற்றவருடைய எண் ஒத்துப்போகவில்லை. ஏன் என்று கண்டுபிடித்ததே ஹேர்தாவின் முதல் வெற்றி. கரிக்கோல் எரிந்து தேய்வதால் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். மின்னோட்டத்தை மாற்றினால் கோல் நுனியிலுள்ள பள்ளத்தின் வடிவமும் மாறும். அது புதிய வடிவத்துக்கு வந்து அமைதியடைய நேரம் எடுக்கும். மற்றவர்கள் அந்த நேரம் வரும்முன் மானியை வாசித்துவிட்டார்கள். இவர் காத்திருந்தார். வில்லையின் மூலம் மின்வில்லின் பெருத்த விம்பத்தைத் திரையில் விழுத்தி, அதன் நீளத்தை அளந்து, மின்னோட்டத்தையும் நீளத்தையும் மாறாமல் வைத்துக்கொண்டு, வோல்ற்றளவு ஓரிடத்தில் நிற்கும்வரை பொறுத்திருந்து குறித்தார். இப்படி நூற்றுக்கணக்கான வாசிப்புகள். ஆய்வுகூடத்தில் ஊசி ஆடிக்கொண்டிருக்கும்போதே எண்ணை எழுதிவிட்டு ரீச்சரிடம் ஏச்சு வாங்காதவர் நம்மில் யார்?

வோல்ற்றளவுக்கும் மின்னோட்டத்துக்கும் வரைபு கீறினால் வளைகோடு வந்தது. வகுத்துத் தடை கண்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒவ்வொரு தடை. ஆகவே அவர் பெருக்கிப் பார்த்தார். வலுவை எடுத்து வரைபு கீறியபோது நேர்கோடுகள் வந்தன. அந்த நேர்கோடுகளிலிருந்து கிடைத்ததுதான் இன்றும் அவர் பெயரால் வழங்கும் சமன்பாடு. அவர் பயன்படுத்திய திண்மக் கரிக்கோல்களுக்கு, நீளத்தை மில்லிமீற்றரில் எடுத்தால் அது இப்படி அமையும்:

வோல்ற்றளவு = 38.88 + 2.074 × நீளம் + (11.66 + 10.54 × நீளம்) ÷ மின்னோட்டம்

கணக்கு மறந்துபோனவர்கள் பயப்பட வேண்டாம். 2 மில்லிமீற்றர் மின்வில் ஒன்றை எடுத்து எண்களை இட்டுப் பாருங்கள். 4 அம்பியரில் வோல்ற்றளவு 51.2 வருகிறது. வகுத்தால் தடை 12.8 ஓம். 8 அம்பியரில் 47.1 வோல்ற்று, தடை 5.9 ஓம். 12 அம்பியரில் 45.8 வோல்ற்று, தடை 3.8 ஓம். மின்னோட்டம் மூன்று மடங்காக, தடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. தடையில் ஒழுங்கு எதுவும் தெரியவில்லை. இப்போது வலுவைப் பாருங்கள். 205 உவாற்று, 377 உவாற்று, 549 உவாற்று. ஒவ்வொரு முறையும் சரியாக 172 கூடுகிறது. வகுத்தபோது ஒளிந்திருந்த ஒழுங்கு பெருக்கியபோது வெளியே வந்தது. எங்களுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். உயர்தர வகுப்பில் இதைச் செய்வித்தால் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். மின்னோட்டம் கூட வோல்ற்றளவு குறையும் பொருளை நேரே மின்வழங்கலில் இணைத்தால் மின்னோட்டம் கட்டுமீறி ஏறும். கட்டுப்படுத்த ஒரு தடையைத் தொடராக இணைத்தாக வேண்டும். 100 வோல்ற்று வழங்கலில் நமது 8 அம்பியர் மின்வில்லை எரித்தால் மிச்சம் 52.9 வோல்ற்று அந்தத் தடைக்குப் போகும். 6.6 ஓம் தடை வேண்டும். அதில் வெப்பமாக வீணாவது 423 உவாற்று, வில்லுக்குக் கிடைப்பதைவிட அதிகம். அதனால்தான் அக்காலத்தில் இரண்டு வில்விளக்குகளைத் தொடராக இணைத்து எரித்தார்கள். நமது வீட்டு ரியூப் லைற்றில் சோக் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். உள்ளே நடப்பது மின்வில்லுக்கு உறவான ஒரு மின்னிறக்கம். சோக் இல்லாமல் அதுவும் கட்டுமீறும். ஆடலோட்டத்தில் சோக் அதே வேலையை அதிக வெப்பம் வீணாக்காமல் செய்கிறது.

வில்விளக்குகளுக்கு இன்னொரு நோய் இருந்தது. மின்னோட்டம் ஓர் எல்லையைத் தாண்டியதும் திடீரென்று சீறத் தொடங்கும், ஒளி துடிக்கும், வோல்ற்றளவு ஏறக்குறைய 10 வோல்ற்று சட்டென்று விழும். காரணம் யாருக்கும் தெரியவில்லை. மின்னோட்டம் கூடும்போது கரிக்கோல் நுனியின் பள்ளம் பெருத்து ஓரத்தைத் தாண்டுகிறது, அப்போது காற்றிலுள்ள ஒட்சிசன் அந்தப் பள்ளத்தைத் தொட்டு எரிப்பதுதான் சீறல் என்று ஹேர்தா காட்டினார். காற்றை விலக்கி மூடிய கலத்தில் எரித்தபோது சீறவில்லை. ஒட்சிசனை ஊதினார், சீறியது. நைதரசனை ஊதினார், சும்மா இருந்தது. 1899இல் இந்த ஆய்வை இலண்டன் மின்பொறியியலாளர் நிறுவனத்தின் கூட்டத்தில் தாமே எழுந்து வாசித்தார். அங்கு தன் கட்டுரையைத் தானே வாசித்த முதல் பெண் அவர். அதே ஆண்டு அந்த நிறுவனத்தின் முதல் பெண் உறுப்பினருமானார்.

எல்லாக் கதவும் அப்படித் திறக்கவில்லை. 1901இல் றோயல் சங்கத்துக்கு அவர் எழுதிய கட்டுரையை ஜோன் பெரி என்ற பேராசிரியர்தான் வாசிக்க வேண்டியிருந்தது. 1902இல் மின்வில் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. அதே ஆண்டு அவரைச் சங்கத்தின் உறுப்பினராக முன்மொழிந்தார்கள். சங்கம் சட்டத்தரணிகளிடம் ஆலோசனை கேட்டது. கலியாணமான பெண்ணுக்குச் சட்டத்தின் முன் தனி ஆளுமை இல்லை, ஆகவே உறுப்பினராக முடியாது என்று பதில் வந்தது. ஆய்வில் குறை என்று எவரும் சொல்லவில்லை. கணவர் எப்போதோ உறுப்பினர். மனைவி சட்டத்தில் ஆளே இல்லை. இதை வாசிக்கும்போது, கணவரின் மரணச் சான்றிதழோ கையொப்பமோ இல்லாமல் காணிக்கும் கடனுக்கும் அலைந்த எங்கள் சகோதரிகளின் முகங்கள் நினைவுக்கு வந்ததை மறைக்க விரும்பவில்லை.

ஹேர்தா ஓய்ந்துவிடவில்லை. கணவரின் சுகவீனத்துக்காகக் கடற்கரையில் தங்கியபோது மணலில் அலை விட்டுச் செல்லும் வரிகள் எப்படி உண்டாகின்றன என்று ஆராய்ந்தார். 1904இல் அந்தக் கட்டுரையை றோயல் சங்கத்தில் தாமே வாசித்தார். அங்கு அப்படிச் செய்த முதல் பெண்ணும் அவரே. 1906இல், உறுப்பினராக ஏற்க மறுத்த அதே சங்கம், மின்வில்லுக்கும் மணல்வரிகளுக்குமாக அவருக்கு ஹியூஸ் பதக்கத்தை வழங்கியது. 1908இல் கணவர் இறந்தார். மனைவியின் வேலையில் தன் பெயர் கலந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரே துறையில் இருந்தும் கூட்டாக ஆராய்வதை இயன்றவரை தவிர்த்த மனிதர் அவர். நல்ல கணவர் என்று நாங்கள் தாராளமாகச் சொல்வோம்.

மேரி கியூரியின் கதையும் இதே இடத்தில் வந்து தொடுகிறது. ரேடியத்தைக் கண்டுபிடித்தவர் பியர் கியூரி என்று பத்திரிகைகள் எழுதியபோது, 1909இல் ஹேர்தா பத்திரிகைக்கு எழுதித் திருத்தினார். 1912இல் அவதூறாலும் நோயாலும் நொந்துபோயிருந்த மேரி, ஒருவருக்கும் தெரியாமல் இங்கிலாந்து வந்து ஹேர்தாவின் பராமரிப்பில் கோடை காலத்தைக் கழித்தார். அந்த நாள்களில் ஹேர்தா பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்திலும் ஆழ இறங்கியிருந்தார். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் விபரம் தர மறுத்தார். சிறையில் உண்ணாவிரதம் இருந்து மெலிந்து வெளிவந்த பெண்களை வீட்டில் வைத்துப் பராமரித்தார். மகள் பார்பராவும் சிறை சென்றவர். இலங்கைப் பெண்களுக்கு வாக்குரிமை 1931இல் ஆண்களோடு ஒன்றாகவே கிடைத்துவிட்டதால், அதற்காக வேறு நாடுகளில் பெண்கள் பட்ட பாடு நமக்கு அவ்வளவாக உறைப்பதில்லை.

முதலாம் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குள் நச்சுவாயு இறங்கிப் படைவீரர் மடிந்தார்கள். மணல்வரிகளை ஆராய்ந்தபோது கண்ட நீர்ச்சுழிகளின் அறிவைக் காற்றுக்குப் பொருத்தி, வாயுவை வெளியே தள்ளும் கைவிசிறி ஒன்றை ஹேர்தா வடிவமைத்தார். கித்தானும் பிரம்பும் கொண்ட எளிய பொருள். அதிகாரிகள் முதலில் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பின்பு ஒரு இலட்சத்துக்கு மேல் செய்து போர்முனைக்கு அனுப்பினார்கள். அது எவ்வளவு பயன்பட்டது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பதுங்குகுழிக்குள் பிள்ளைகளோடு இருந்த நாள்களை அறிந்த எங்களுக்கு, அறுபது வயதில் ஒரு பெண் அந்தக் குழிக்குள் இருப்பவனின் மூச்சை நினைத்து வேலை செய்தாள் என்பதே பெரிதாகத் தெரிகிறது.

றோயல் சங்கம் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1945இல். கத்லீன் லொன்ஸ்டேலும் மார்ஜரி ஸ்டீவன்சனும் அந்த இருவர். ஹியூஸ் பதக்கம் இன்னொரு பெண்ணுக்குக் கிடைக்க 2008 வரை செல்ல வேண்டியிருந்தது. 1945ஆம் ஆண்டிலேதான், கேர்ட்டனைத் தொடங்கிய அம்மையாரின் பெயரைத் தாங்கிய ஹேர்தாவின் மகள் பார்பரா, தொழிற்கட்சி வேட்பாளராக நின்று பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்.